எண்ணெய் குடிக்காத பஜ்ஜி

வீட்டில் போட்ட பஜ்ஜி எண்ணெய் குடித்துவிட்டால் பழி எண்ணெயின் மேலோ கடலை மாவின் மேலோ விழுகிறது. ஆனால் முதலில் விசாரிக்க வேண்டியது தண்ணீரை. மாவிலும் காயிலும் எவ்வளவு ஈரம் இருக்கிறது, அது எவ்வளவு வேகமாக வெளியேறுகிறது என்பதைப் பொறுத்தே மொறுமொறுப்பும் அமைகிறது, எண்ணெய்ப் பிசுக்கும் அமைகிறது.

பதமாகக் காய்ந்த எண்ணெயின் வெப்பநிலை சுமார் 180 டிகிரி செல்சியஸ். தண்ணீரோ 100 டிகிரியிலேயே ஆவியாகிவிடும். மாவில் தோய்த்த வாழைக்காய் வில்லையை வாணலியில் விட்டதும் எழுகிற நுரையும் சலசலப்பும் மாவிலிருந்து பீறிடும் நீராவியால் வருபவை. ஆவி இப்படி வெளியே தள்ளிக்கொண்டிருக்கும்வரை எண்ணெய் உள்ளே நுழைவது கடினம். ஈரம் மிச்சமிருக்கும்வரை உள்ளிருக்கும் காயின் வெப்பமும் 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். சுற்றிலும் எண்ணெய் இருந்தாலும் காய் தன் ஈரத்திலேயே வேகிறது. மேல்மாவு மட்டும் உலர்ந்து அந்த எல்லையைத் தாண்டுகிறது. அப்போது மாவின் புரதமும் சர்க்கரையும் வினைபுரிந்து பொன்னிறமும் மணமும் தருகின்றன. பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமில் மெயார் 1912இல் விவரித்த வினை இது. கடலை மாவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு புரதம் என்பதால் நிறம் எளிதில் ஏறும். கூடச் சேர்க்கும் அரிசி மாவு அந்த ஓட்டுக்கு விறைப்பைத் தருகிறது.

அப்படியானால் எண்ணெய் எப்போதுதான் உள்ளே போகிறது? பெரும்பகுதி, வாணலியிலிருந்து எடுத்த பிறகுதான். பஜ்ஜி ஆறத் தொடங்கியதும் துளைகளில் இருந்த நீராவி குளிர்ந்து சுருங்குகிறது. அங்கே அழுத்தம் குறைய, மேலே ஒட்டியிருக்கும் எண்ணெய் உள்ளே இழுக்கப்படுகிறது. ஆகவே ஜல்லிக் கரண்டியால் எடுத்து, சூடு தணியுமுன் நன்றாக உதறி வடிப்பது வெறும் சடங்கு அல்ல. பாத்திரத்தில் குவித்து மூடி வைத்தால், வெளியேறும் ஆவி மாவிலேயே படிந்து பஜ்ஜி நமுத்துப்போகும்.

எடுத்த பிறகே எண்ணெய் ஏறுகிறதென்றால் அடுப்புத் தீயைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும் என்று கேட்கலாம். குறைந்த சூட்டில் ஓடு பிடிக்க நேரமாகும். பலகாரம் வெகுநேரம் கிடந்து ஈரத்தை இழக்கும். ஈரம் போன இடமெல்லாம் பின்னால் எண்ணெய் ஏற இடமாகிறது. ஒரே ஈட்டில் நிறையப் போட்டாலும் எண்ணெயின் சூடு இறங்கி இதே நிலைதான். தீயைக் குறைக்காவிட்டால் உள்ளே வேகாதே என்ற மறுப்பு நியாயமானது. அதற்குத் தீர்வு காயை மெல்லிசாகச் சீவுவது. அதற்காகத் தீயைக் கண்டபடி கூட்டவும் கூடாது. மாவுப் பண்டங்கள் அதிகச் சூட்டில் கருகச் சிவக்கும்போது அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருள் உருவாவதை 2002இல் சுவீடன் ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினர். பொன்னிறத்தில் எடுப்பதே சரி.

மொறுமொறுப்புக்குச் சமையல் சோடாவை நம்புவோரும் உண்டு. சோடா மாவில் குமிழிகளை உண்டாக்கி ஓட்டை லேசாக்குகிறது. ஆனால் கூடும் துளைகள் எண்ணெய்க்கும் வழி. அளவு மீறினால் பலகாரம் எண்ணெயில் ஊறும். வெங்காயப் பக்கோடாவுக்கு அது தேவையே இல்லை. வெங்காயத்தில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். உப்புப் போட்டுப் பிசிறி வைத்தால் அதுவே கசிந்து மாவை நனைக்கும். மேற்கொண்டு தண்ணீர் தெளித்தால் போதும். மாவு குறைந்த ஈரத்தோடு இருப்பதால் விரைவில் முறுகும்.

எப்படிப் பொரித்தாலும் எண்ணெய்ப் பண்டம்தானே என்பது உண்மை. உள்ளே ஏறும் அளவை ஓரளவு குறைக்கலாம், அவ்வளவே. அதோடு, பலகாரத்தைக் காக்கும் அதே நீராவி எண்ணெயைச் சிதைக்கவும் செய்கிறது. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய் கெட்டியாகி, பண்டத்தில் அதிகம் ஒட்டும். சிதைவைக் காட்டும் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. வீட்டில் அளக்கக் கருவி இல்லை. வாணலியில் அளவாக எண்ணெய் ஊற்றினால் மிச்சப்படுத்தும் ஆசையும் குறையும்.