மழைக்காட்டில் துப்பாக்கி

1831ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் மலாக்காவிலிருந்து ஒரு சிறுபடை நானிங்கை நோக்கிப் புறப்பட்டது. மதராஸ் பட்டாளத்தின் 29ஆவது காலாட்படையைச் சேர்ந்த ஏறக்குறைய 150 சிப்பாய்கள் அதில் இருந்தனர். நானிங் மக்கள் தங்கள் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை வரியாகக் கொடுக்க வேண்டும் என்பது கிழக்கிந்தியக் கம்பெனியின் கோரிக்கை. அதுவரை ஆண்டுக்கு 400 கந்தாங் நெல்லை மட்டும் அடையாளமாகச் செலுத்தி வந்த நானிங்கின் தலைவர் டோல் சாயிட் அதற்கு இணங்கவில்லை. காட்டுவழி நெடுகிலும் மரங்கள் வெட்டிச் சாய்க்கப்பட்டிருந்தன. புதர்களுக்குள் மறைந்திருந்தவர்கள் சுட்டார்கள். உணவும் குறைந்தது. இறுதியில் படை தன் பீரங்கிகளைக் கைவிட்டு மலாக்காவுக்குத் திரும்பியது.

இத்தோல்விக்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று சிப்பாய்களின் கையிலேயே இருந்தது.

அவர்கள் ஏந்தியது மஸ்கட் எனப்படும் பழைய வகைத் துப்பாக்கி. அதைச் சுடுவதற்குச் சிப்பாய் முதலில் காகிதத்தில் சுற்றிய தோட்டாவைப் பல்லால் கடித்துத் திறக்க வேண்டும். சிறிதளவு வெடிமருந்தை விசைக்கு மேலுள்ள சிறு கிண்ணத்தில் இட வேண்டும். மீதி மருந்தைக் குழலின் வாயில் கொட்டி, ஈயக்குண்டைப் போட்டு, நீண்ட கோலால் கிட்டிக்க வேண்டும். விசையை இழுத்ததும் சக்கிமுக்கிக் கல் இரும்பில் மோதித் தீப்பொறி எழும். கிண்ணத்து மருந்து பற்றினால்தான் குண்டு பாயும். நன்கு பழகியவர் நிமிடத்திற்கு மூன்று முறை சுடலாம். ஆனால், கோலை மேலும் கீழும் இயக்க அவர் நிமிர்ந்து நிற்க வேண்டும். மழை பெய்தால் கிண்ணத்து மருந்து நனைந்துவிடும். வெட்டவெளியில் வரிசையாக நின்று போரிடுவதற்கென்றே அமைந்த ஆயுதம் அது.

நானிங் வீரர்களிடமும் வாய்வழி மருந்திடும் துப்பாக்கிகளே இருந்தன. ஆனால், அவர்கள் மரத்தின் பின்னே நின்று மருந்திட்டார்கள். சிப்பாய்கள் பாதையில் நின்று மருந்திட்டார்கள். அடுத்த ஆண்டு கம்பெனி பெரும்படையோடு வந்தது. அப்போது அது முதலில் செய்த வேலை, காட்டை அகலமாக வெட்டிச் சாலை போட்டதுதான். துப்பாக்கிக்கு ஏற்றபடி காட்டையே மாற்றினார்கள் என்று சொல்லலாம். 1832 ஜூன் மாதம் தாபோ வீழ்ந்தது.

மழைச் சிக்கலைத் தீர்க்க வழிவகுத்தவர் ஒரு பாதிரியார் என்பது வியப்பான செய்தி. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் ஃபோர்சைத் பறவை வேட்டையில் ஆர்வம் கொண்டவர். கிண்ணத்தில் எழும் சுடரைக் கண்டு பறவைகள் முன்னதாகவே பறந்துவிட்டன. எனவே, தட்டினாலே வெடிக்கும் இரசாயனத்தைப் பயன்படுத்தும் முறைக்கு அவர் 1807இல் காப்புரிமை பெற்றார். பின்னர் இம்மருந்து சிறு செப்பு மூடிக்குள் அடைக்கப்பட்டது. தீக்கல்லும் திறந்த கிண்ணமும் மறைந்தன.

அடுத்த மாற்றம் குழலுக்குள் நிகழ்ந்தது. குழலின் உட்சுவரில் சுருள் வரிகளை வெட்டினால் குண்டு சுழன்று நேராகப் பாயும். இவ்வரிகள் கொண்ட துப்பாக்கியே ரைஃபிள். இது பழங்காலத்திலேயே அறிந்த உண்மைதான். ஆயினும், வரிகளில் இறுகப் பொருந்தும் குண்டை வாய்வழியாகத் திணிப்பது கடினம். பிரான்சின் கிளாட் மினியே 1849இல் இதற்கு வழி கண்டார். அவருடைய கூம்புக் குண்டு உள்ளே எளிதாக இறங்கியது. வெடித்ததும் அதன் அடிப்பகுதி விரிந்து வரிகளைப் பற்றிக்கொண்டது. இம்முறையில் உருவான 1853ஆம் ஆண்டு என்ஃபீல்டு துப்பாக்கிக்கும் தோட்டாவைக் கடித்தே திறக்க வேண்டியிருந்தது. அதில் பசுக்கொழுப்பும் பன்றிக்கொழுப்பும் தடவப்பட்டிருப்பதாகப் பரவிய செய்தி, இந்தியாவில் 1857இல் வெடித்த எழுச்சிக்கு உடனடிக் காரணங்களுள் ஒன்றாயிற்று.

ஐரோப்பியப் போர்களைப் பற்றி எழுதுவோர் ரைஃபிளின் தூரத்தையே பெரிதாகப் பேசுவர். நம் காடுகளிலோ சில பத்தடிகளுக்கு அப்பால் எதுவும் தெரியாது. இங்கு அதைவிடப் பெரிய மாற்றம் குழலின் பின்புறத்தைத் திறந்து தோட்டாவைச் செருகும் முறையே. பிரிட்டன் 1866இல் ஏற்ற ஸ்னைடர் முறை அத்தகையது. பழைய என்ஃபீல்டுகளைத் தூக்கி எறியாமல், பின்பக்கத்தை வெட்டிக் கீல் வைத்த அடைப்பைப் பொருத்தினார்கள். மருந்து, குண்டு, தட்டுமருந்து மூன்றும் ஒரே உலோகத் தோட்டாவுக்குள் அடங்கின. மழையைப் பற்றிய கவலை குறைந்தது. நிமிடத்திற்குப் பத்து முறை வரை சுட முடிந்தது. படுத்தபடியே, மரத்தின் மறைவிலிருந்தே மருந்திடலாம். நிமிர்ந்து நிற்கும் கட்டாயம் ஒழிந்தது.

இவ்வளவு வளர்ந்த பின்னும் காடு தன் விதியை விட்டுக்கொடுக்கவில்லை. சிரம்பானிலிருந்து கோலா பிலாவுக்குப் போகும் பழைய சாலையில் புக்கிட் புத்துஸ் கணவாய் உள்ளது. 1875 டிசம்பர் 20ஆம் நாள், அங்கிருந்த மலாய் வீரர்களின் மரக்கோட்டையைக் கேப்டன் சானர் தலைமையிலான கூர்க்காக்கள் கைப்பற்றினர். கோட்டையைச் சுற்றி மூங்கில் வேலி. உள்ளே இரண்டடிக் கனத்திற்கு அடுக்கிய மரங்கள். தொலைவிலிருந்து சுட்டு இதனை வீழ்த்தவில்லை. உள்ளே பேசும் குரல் கேட்கும் அளவுக்குப் பின்புறமாக ஊர்ந்து சென்று, திடீரென உள்ளே குதித்தார்கள். சானர் முதலில் பயன்படுத்தியது கைத்துப்பாக்கியே.

1884இல் பிரான்சில் புகையற்ற வெடிமருந்து உருவானது. அதுவரை ஒவ்வொரு வேட்டும் சுட்டவரின் இருப்பிடத்தை வெண்புகையால் காட்டிக் கொடுத்தது. புதிய மருந்தோடு, பல தோட்டாக்களைத் தாங்கும் பெட்டியும் சேர்ந்ததும் நவீன ரைஃபிள் பிறந்தது. 1942 பிப்ரவரியில் பாசிர் பாஞ்சாங்கில் லெஃப்டினன்ட் அட்னான் சாயிடியும் மலாய்ப் படையினரும் ஜப்பானியரை எதிர்த்தபோது ஏந்திய லீ-என்ஃபீல்டு பத்துத் தோட்டாக்கள் கொள்ளும். 1990களில் சிலாங்கூரின் பத்து ஆராங்கில் தயாரான ஸ்டெயர் ரைஃபிளில் முப்பது. அதன் பெட்டி ஒளி ஊடுருவும் நெகிழியால் ஆனது. இன்னும் எத்தனை தோட்டாக்கள் உள்ளன என்பதை வீரர் குனிந்து பார்த்தாலே தெரியும்.