மகளையும் சிரமதானத்துக்கு அனுப்புங்கள்



பள்ளிவாசலில் சிரமதானம் என்று அறிவித்தால் நம் வீடுகளில் என்ன நடக்கிறது? "மகனுக்குப் படிப்பிருக்கு, வெயில்ல நின்டா காய்ச்சல் வரும்" என்கிறோம். மகளைப் பற்றியோ பேச்சே எழுவதில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

2017ஆம் ஆண்டு இலங்கையில் 186,000க்கும் மேற்பட்டோருக்கு டெங்கு கண்டது. 400க்கும் அதிகமானோர் மௌத்தானார்கள். எங்கள் ஊர் வாலிபர்கள் நுளம்பு பெருகும் இடங்களைத் தேடி வீடு வீடாகப் புறப்பட்டார்கள். பாதி வீடுகளில் கதவு திறக்கவில்லை. ஆண்கள் கடைக்குப் போயிருக்க, அந்நிய வாலிபர்களை எப்படி வளவுக்குள் விடுவது? நியாயமான தயக்கந்தான்.

"வாப்பா, நாங்க போனா கதவு திறப்பாங்களே" என்றாள், அவ்வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுதவிருந்த என் மூத்த மகள். நான் மறுத்தேன். பரீட்சையைச் சாட்டாகச் சொன்னேன். பெரிய பிள்ளையானவள் தெருத்தெருவாகப் போவதா என்பதே மனதில் இருந்தது.

அவளுடைய உம்மா விடவில்லை. "இந்தப் பிள்ளை ராவைக்குத் தூங்குறதில்ல. எந்த நாளும் தலையிடி என்குது. சோறும் சரியாத் தின்னுறதில்ல. நாலு சுவருக்குள்ள வச்சிருந்து நீங்க என்ன சுகத்தைக் கண்டீங்க?" என்று கேட்டாள். என்னிடம் பதிலில்லை.

பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவதும் ஈமானின் கிளைகளில் ஒன்று என்று மத்ரஸாவில் பாடம் நடத்துபவன் நான். அதில் பெண்பிள்ளைகளுக்கு விலக்கு இருப்பதாக எங்கும் படித்ததில்லை.

ஐந்து பிள்ளைகள் மருத்துவ மாதுடன் சனிக்கிழமை காலைகளில் போனார்கள். கதவுகள் திறந்தன. பூச்சாடித் தட்டு, கூரைப் பீலியில் அடைந்த இலை, கொல்லையில் கிடந்த சிரட்டை, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு என்று எங்கும் புழுக்கள். முட்டை பறக்கும் நுளம்பாக ஏழு முதல் பத்து நாட்கள் போதும். அதனால் வாரந்தோறும் போக வேண்டியிருந்தது. மகள் பசியோடு வீடு திரும்பினாள். இஷா தொழுததும் தூங்கிப் போனாள்.

இதை ஒரு வீட்டுக் கதையென்று தள்ளிவிடாதீர்கள். கனடாவில் பத்தாம் வகுப்பு மாணவர் 106 பேரைக் கொண்டு நடந்த ஓர் ஆய்வு 2013இல் வெளியானது. பாதிப் பேர் வாரம் ஒருமுறை சிறுபிள்ளைகளுக்கு உதவப் போனார்கள், மற்றவர்கள் காத்திருந்தார்கள். பத்து வாரங்களின் பின் சோதித்தபோது உதவப் போனவர்களின் கொலஸ்ட்ரோல், உடற்பருமன், இரத்தத்தில் அழற்சியின் அடையாளம் மூன்றும் மற்றவர்களை விடக் குறைவாக இருந்தன. அவர்களிலும் பிறர்மீது இரக்கம் அதிகம் வளர்ந்தவர்களுக்கே அதிக பலன்!

ஆனால் எல்லாப் பொதுப்பணியும் ஒன்றல்ல. 2018இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், வாக்களித்த, தொண்டு செய்த இளையோரிடம் பிற்காலத்தில் மனச்சோர்வு குறைவாகக் காணப்பட்டது. போராட்டங்களில் இறங்கியவர்களிடம் அந்த நன்மை காணப்படவில்லை, உடலைக் கெடுக்கும் பழக்கங்களே கூடியிருந்தன. ஊரின் கவலை முழுவதையும் பிள்ளையின் தலையில் ஏற்றலாகாது. அந்த வயதுக்கு எட்டு முதல் பத்து மணிநேரத் தூக்கம் வேண்டும். வெறும் வயிற்றோடும் அனுப்பாதீர்கள். படம் பிடிப்பதற்காகவே மண்வெட்டி தூக்கும் சிரமதானங்களுக்கு அனுப்பாவிட்டாலும் குறையில்லை.

என் மகள் மணமாகி இப்போது வேறு ஊரில் இருக்கிறாள். சென்ற மாதம் வந்தவள் ஸலாம் சொன்ன கையோடு எங்கள் குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டை இழுத்துப் பார்த்தாள். அதில் தண்ணீர் நிறைந்திருந்தது.