தெருவில் எந்தக் கடை வரணும்? பிரேசர் டவுனில் யார் கையில் முடிவு?

பெங்களூரு கண்டோன்மென்ட்டின் நெரிசலைக் குறைக்க, 1898 பிளேக்குக்குப் பிறகு உருவான பகுதி பிரேசர் டவுன். இங்கே மாஸ்க் ரோட்டில் 1902-ல் தொடங்கிய ஆல்பர்ட் பேக்கரி இன்றும் ஓடுகிறது. சரி, உங்கள் தெருவில் ஒரு பழைய மளிகைக் கடை காலியாகி, அங்கே பெரிய செயின் ஸ்டோர் வருதுன்னு வைத்துக்கொள்வோம். 'வேண்டாம்' என்று உங்களால் சொல்ல முடியுமா?

சுருக்கமான பதில்: பிராண்டைக் காட்டித் தடுக்க முடியாது. ஆனால் பேசவே இடமில்லை என்பதும் சரியல்ல.

சட்டம் எதைப் பார்க்கிறது?

எந்த மண்டலம், சாலை எவ்வளவு அகலம், கடை எவ்வளவு பெரிது. இவ்வளவுதான். முதலாளி யார், எத்தனை கிளை என்று மாஸ்டர் பிளான் கேட்பதில்லை. வெளிநாட்டு முதலீடு மட்டும் விதிவிலக்கு. பல பிராண்டுகளை விற்கும் கடைகளில் 51% வரை அந்நிய முதலீட்டை 2012-ல் மத்திய அரசு அனுமதித்தது; ஆனால் மாநிலம் சம்மதிக்க வேண்டும். தமிழ்நாடு அப்போது மறுத்தது. உள்நாட்டு செயின்களுக்கு அந்தக் கேள்வியே கிடையாது.

வேறு ஊர்களில்?

சான் பிரான்சிஸ்கோ கேட்கிறது. ஏற்கெனவே 11 கிளைகளாவது உள்ள நிறுவனம் அங்கே பல குடியிருப்புப் பகுதிக் கடைவீதிகளில் நுழைய, பொது விசாரணையைத் தாண்டி அனுமதி வாங்கணும்.

மக்கள் பேசினால் சிறு கடை பிழைக்குமா?

எப்போதும் இல்லை. 2023 ரமலானில் மாஸ்க் ரோட்டின் தற்காலிக உணவுக் கடைகளைக் குடியிருப்போர் எதிர்த்தார்கள். நெரிசல், குப்பை என்பது அவர்கள் புகார். கடைகளுக்கு அனுமதி கிடைக்கவில்லை. குரல் எடுபட்டது, நஷ்டம் சிறு வியாபாரிக்கு. அதனால்தான் யாரெல்லாம் மேசையில் உட்காருகிறார்கள் என்பது முக்கியம். 2014 தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40% பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள். குடியிருப்போர் சங்கத்துக்கும் அதே குழுவில் இடம் உண்டு.

அப்போ சிக்கல் எங்கே?

நாற்காலி இருக்கு, ஆள் இல்லை. பெங்களூரு மாமன்றத்தின் பதவிக்காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. 2025 செப்டம்பரில் நகரம் 5 மாநகராட்சிகளாகப் பிரிக்கப்படும் வரை, 5 ஆண்டுகள் கவுன்சிலரே இல்லாமல் ஓடின. நகரத்தின் மாஸ்டர் பிளானும் 2007-ல் ஒப்புதல் பெற்றது. அதை மாற்ற 2017-ல் வந்த வரைவு பின்னர் திரும்பப் பெறப்பட்டது.

நீங்கள் என்ன செய்யலாம்?

புதிய வரைவு வெளியானால், எழுத்துமூலம் கருத்துச் சொல்ல 60 நாள் உண்டு. உங்கள் தெரு எந்த மண்டலத்தில் போடப்பட்டிருக்கு என்று முதலில் அதில் பாருங்கள். செயின் ஸ்டோர் போர்டு மாட்டிய பிறகு போராடுவதைவிட, அந்த 60 நாளில் எழுதும் ஒரு பக்கத்துக்குச் சட்டத்தில் மதிப்பு அதிகம்.