படம் சிதறினால் பெட்டியைப் பழிக்க வேண்டாம்

கோவிலுக்குச் செல்ல இயலாத முதியோர் உள்ள இல்லங்களில், ஞாயிறு காலையில் தொலைக்காட்சிப் பெட்டிக்குத் தனி மரியாதை. செபமாலையைக் கையிற் பிடித்தவாறு அதன்முன் அமர்ந்து அவர்கள் திருப்பலியில் ஒன்றிக்கின்றனர். அசிசி நகர்ப் புனித கிளாரா நோயுற்றுப் படுத்திருந்த ஒரு கிறிஸ்து பிறப்பு இரவில், தொலைவிலிருந்த ஆலயத்தின் வழிபாட்டைத் தம் படுக்கையிலிருந்தே கண்டும் கேட்டும் மகிழ்ந்தார் என்பது மரபு. அதனை முன்னிட்டே 1958-ஆம் ஆண்டில் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் அவரைத் தொலைக்காட்சியின் பாதுகாவலியாக அறிவித்தார். புனிதை கண்ட காட்சியில் கோளாறு ஏதும் நேர்ந்திராது. நம் வீட்டுப் பெட்டி அப்படியன்று.

படுக்கையில் இருக்கும் என் தாயார் ஒரு ஞாயிறன்று திருப்பலி கண்டுகொண்டிருந்தார். எழுந்தேற்ற வேளையில் படம் சதுரம் சதுரமாகச் சிதறி, அப்படியே உறைந்து நின்றது. அன்று மாலை வந்த மெக்கானிக், பார்த்த மாத்திரத்தில் திரை பழுது என்று தீர்ப்புக் கூறினார். புதிய பெட்டியின் பாதி விலையையும் கேட்டார். அடுத்த வீட்டு மாணவனோ ரிமோட்டை வாங்கி, செட்டாப் பெட்டியின் மெனுவைத் திரையில் வரவழைத்தான். எழுத்துகள் சிறிதும் சிதறாமல் பளிச்சென்று நின்றன. "திரை நன்றாகத்தான் இருக்கிறது, மாமா. மாடிக்குப் போய் டிஷ்ஷைப் பாருங்கள்" என்றான். சென்று பார்த்தேன். தழைத்து வளர்ந்த முருங்கைக் கிளையொன்று டிஷ்ஷின் முகத்தை மறைத்து ஆடிக்கொண்டிருந்தது!

அச்சிறுவன் செய்த சோதனையை எவரும் செய்யலாம். செட்டாப் பெட்டியின் மெனு வானிலிருந்து வருவதன்று, அப்பெட்டிக்குள்ளேயே உருவாவது. அது தெளிவாகத் தெரிந்தால் தொலைக்காட்சியும், இரண்டையும் இணைக்கும் வயரும் நலமே. குறை டிஷ்ஷிலோ, அதிலிருந்து இறங்கும் கேபிளிலோ, அதன் முனையில் ஏறிய துருவிலோ இருக்கும். ஒரே ஒரு சானல் மட்டும் வரவில்லையெனில், பெரும்பாலும் குறை நம் வீட்டில் இல்லை. சந்தாவில் அச்சானல் உண்டா என்று பாருங்கள். மெனுவும் சிதைந்து தெரிந்தால் இணைப்பு வயரைக் கழற்றி மீண்டும் அழுத்தமாகச் செருகுங்கள். அதன்பின் தொலைக்காட்சியின் சொந்த மெனுவை வரவழையுங்கள். அதன்மீதும் கோடுகள் ஓடினால்தான் பெட்டியை ஐயுற வேண்டும்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975-இல் தொடங்கப்பட்ட நாள்களில், ஒருவர் மாடியில் நின்று ஆன்டெனாவைத் திருப்ப, மற்றொருவர் கீழிருந்து "இன்னும் கொஞ்சம்" என்று கூவுவார். அலை வலுக் குறைந்தால் திரையில் எறும்பு ஊர்வதுபோல் புள்ளிகள் தோன்றும். ஆயினும் படம் ஒருவாறு தெரியும். இன்றைய எண்முறை ஒளிபரப்பிலோ அலை போதுமான அளவு இருக்கும்வரை படம் தெளிவாகவே தெரியும். சற்றே குறைந்தால் சதுரங்களாக உடையும். மேலும் குறைந்தால் மறைந்தே போகும். பூமியின் நடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோளை நோக்கி டிஷ் பொருத்தப்பட்டுள்ளது. சிறிது அசைந்தாலும் குறி தவறும். ஆதலால் பழைய வழக்கப்படி அதைக் கையால் திருப்பிப் பார்க்காதீர்கள். பெருமழையில் மழைத்துளிகளே அலையை விழுங்கிவிடும். மழை ஓய்ந்ததும் படம் தானே திரும்பிவிடும். அதற்காக ஈர மாடியில் ஏறி வழுக்கி விழ வேண்டாம்.

திரையில் "நோ சிக்னல்" என்று வந்தால் பதற வேண்டா. குழந்தைகளின் விரல் பட்டு இன்புட் மாறியிருக்கும். செட்டாப் பெட்டி எந்தத் துளையில் இணைக்கப்பட்டிருக்கிறதோ, அதன் பெயரை ரிமோட்டில் தேர்ந்தெடுத்தால் போதும். ஒலி கேட்கிறது, திரை மட்டும் இருண்டிருக்கிறது என்றால், விளக்கை அணைத்து டார்ச்சைத் திரைக்கு மிக அருகில் சாய்த்துப் பிடியுங்கள். மங்கலாகப் படம் அசைவது தெரிந்தால், திரைக்குப் பின்னுள்ள விளக்கு வரிசையே பழுது; திரையையே மாற்றத் தேவையில்லை. மெக்கானிக்கிடம் இதைச் சொல்லியே பேச்சைத் தொடங்குங்கள்.

எக்காரணம் கொண்டும் பின்மூடியைத் திறக்காதீர்கள். இன்னும் சில வீடுகளில் இருக்கும் பழைய வண்ணப் படக்குழாய்ப் பெட்டிகளில் இருபதாயிரம் வோல்ட்டுக்கும் மேற்பட்ட அழுத்தம் உண்டு. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் குழாயில் மின்னேற்றம் தங்கியிருக்கும். இடி மின்னலுக்கு அறிகுறி தென்படும்போதே மின் பிளக்கையும் டிஷ் கேபிளையும் கழற்றிவிடுங்கள். இடிக்கத் தொடங்கியபின் அவற்றைத் தொடாதீர்கள்.

எங்கள் முருங்கை வெட்ட வெட்டத் துளிர்க்கிறது. சனிக்கிழமை மாலையானால், "மாடிக்குப் போனாயா?" என்று தாயார் கேட்கத் தொடங்கிவிடுகிறார்.