நான்கு தேசம், எட்டு நாள்

சிறுசேரியிலிருந்து இளம் தம்பதிகள் கீழ்த்திசை நாடுகளுக்குப் பறந்து போவதும், போன வேகத்திலேயே திரும்புவதும் இன்று சர்வ சாதாரணமாகிவிட்டன. செங்கற்பட்டு ஜில்லாவில், பழைய மாமல்லபுரம் சாலையின் மீது சிப்காட் தொழிற்பேட்டை எழும்பியிருக்கும் இவ்வூரில், கணவனும் மனைவியும் ஒருங்கே மென்பொருள் கம்பெனிகளில் உத்தியோகம் பார்க்கும் குடும்பங்கள் பல. கிடைக்கும் ரஜா நாட்களை ஒன்று திரட்டி, பாங்காக்கில் இரண்டு இரவு, கோலாலம்பூரில் ஒன்று, சிங்கப்பூரில் இரண்டு, பாலித் தீவில் இரண்டு என்று கணக்கிட்டுப் புறப்படுகின்றனர். எட்டாம் நாள் வீடு. ஒன்பதாம் நாள் ஆபீஸ். இதனைக் கண்டு முகஞ்சுளிக்கும் பெரியோர் உண்டு. நாம் அவர்களோடு சேர்ந்துகொள்ளத் தயாராக இல்லை.

கடல் கடந்தால் ஆசாரம் கெடும் என்று அஞ்சியிருந்த சமூகம் நம்முடையது. அந்த அச்சத்தையும் மீறிக் கடல் கடந்தவர்களில் பெரும்பாலோர் உல்லாசப் பிரயாணிகள் அல்லர். வயிற்றுக்காக மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்குப் போன ஏழைகள். 1926-இல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பலில், ஆயிரக்கணக்கானோர் மேல்தளத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குச் சென்றனர். மனைவியை ஊரில் விட்டுப் போனவர் எத்தனையோ பேர். உடன் அழைத்துப் போனவர் அவளையும் பால்வெட்டும் வேலைக்கே கொண்டு சேர்த்தனர். தோட்டக் கூலி குறைந்துகொண்டே போவதைக் கண்டு, 1938-இல் இந்திய சர்க்கார் மலேயாவுக்குக் கூலியாட்கள் செல்வதையே தடுத்தது. அதே கடலின் மேல் இன்று ஆணும் பெண்ணும் சரிநிகராக, தாங்கள் உழைத்துச் சம்பாதித்த பணத்தில், விருந்தினராகப் பறக்கிறார்கள் என்றால், அது தேசத்தின் முன்னேற்றமன்றி வேறென்ன?

இந்த உரிமையும் தானாக வந்துவிடவில்லை. சுயராஜ்யம் வந்த பின்னரும் பாஸ்போர்ட்டு என்பது சர்க்கார் மனமிரங்கி வழங்கும் பிரசாதமாகவே இருந்து வந்தது. வெளிநாடு செல்வதும் தனிமனித சுதந்திரத்தின் ஓர் அங்கமே, சட்டத்தின் ஆதாரமின்றி அதனை மறுக்க முடியாது என்று 1967 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்த பிறகே, அவ்வாண்டில் பாஸ்போர்ட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. 2023-இன் இறுதியில் தாய்லாந்தும் மலேசியாவும் இந்தியப் பிரயாணிகளுக்கு விஸா வேண்டாமென அறிவித்தபோது, கதவு இன்னும் அகலத் திறந்தது.

பிரயாணம் தனவந்தருக்கே உரியது என்பதும் பழங்கதை. கொச்சியில் சிறு டீக்கடை நடத்திய விஜயன்–மோகனா தம்பதிகளை அறியாதார் இலர். அன்றாட வரும்படியில் ஒரு பகுதியை ஒதுக்கிவைத்தும், போதாததற்குக் கடன் வாங்கியும், திரும்பி வந்து அதனை உழைத்து அடைத்தும், இருபத்தைந்துக்கு மேற்பட்ட தேசங்களை அவர்கள் சேர்ந்தே கண்டனர். 2021 நவம்பரில் விஜயன் காலமாகும் வரை இந்த யாத்திரை நின்றபாடில்லை. மனம் இருந்தால் போதும் என்பதற்கு அவர்களைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

ஆகவே, போவதைப் பற்றி நமக்கு வழக்கில்லை. போய் எதைப் பார்த்து வருகிறார்கள் என்பதே நமது கேள்வி. திரும்பி வந்தவர்களை விசாரித்தால், கடைவீதியும், கண்ணாடி மாளிகையும், நீச்சல் குளமும், ஆயிரம் புகைப்படங்களுமே மிஞ்சுகின்றன. எந்தப் படம் எந்த ஊரில் எடுத்தது என்பதில் தம்பதிகளுக்குள்ளேயே தகராறு. தமிழன் தமிழ்நாட்டை விட்டு நெடுந்தூரம் வந்துவிட்டதாக எண்ணிக்கொண்டு, தன் முன்னோர் நடந்த தெருவிலேயே அன்னியனைப் போல் நடந்துவிட்டு வருகிறான்.

பூக்கெட், கிராபி என்னும் தாய்லாந்துக் கடற்கரைகளை எடுத்துக்கொள்வோம். பூக்கெட்டுக்கு வடக்கே தகுவாபா என்னுமிடத்தில் 9-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மனின் விருதுப் பெயரால் 'அவனிநாரணம்' என்று ஒரு குளம் வெட்டி, அதனை மணிக்கிராமத்து வணிகரின் காவலில் வைத்த செய்தியை அது சொல்கிறது. கிராபி மாகாணத்தில் அகப்பட்டதோ இன்னும் பழமையானது: 'பெரும்பதன் கல்' என்று தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த, பொற்கொல்லர் ஒருவரின் உரைகல். பொன்னை உரைத்துப் பார்க்கும் கல்லோடு நம்மவர் போயிருந்த கரையில், நாம் மணலில் படுத்துவிட்டு எழுந்து வருகிறோம்.

பாங்காக்கிலிருந்து ஒருநாள் உலாவாகக் காஞ்சனபுரிக்கு அழைத்துப் போய், குவாய் நதிப் பாலத்தைக் காட்டுகிறார்கள். அங்கே சற்று நிற்க வேண்டும். 1942, 1943-இல் ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதைக்காக, மலேயாத் தோட்டங்களிலிருந்து தமிழர் ஆயிரமாயிரமாக ஓட்டிச் செல்லப்பட்டனர். காலராவிலும் பட்டினியிலும் அவர்களில் பல்லாயிரவர் மடிந்தனர். வெள்ளைக்காரப் போர்க்கைதிகளுக்கு அவ்வூர் மயானத்தில் ஏறக்குறைய 7,000 கல்லறைகள் ஒழுங்காகப் பராமரிக்கப்படுகின்றன. நம்மவருக்கு அப்படிப் பெயர் பொறித்த கல்லறை வரிசை கிடையாது. பாலத்தின் மேல் நின்று படம் எடுக்கும் தமிழ்த் தம்பதிகள் ஒரு நிமிஷமேனும் தலைகுனிந்தால், அதுவே அவர்களுக்குச் செய்யும் அஞ்சலி.

சிங்கப்பூருக்கு வருவோம். சீனர் வீதியைப் பார்க்கப் போகிறவர்கள் அங்கே நிற்கும் மாரியம்மன் கோயிலைக் கடந்தே போகிறார்கள். 1819-இல் அத்தீவுக்கு வந்த நாராயண பிள்ளை 1827-இல் எழுப்பிய ஆலயம் அது. கடலோர மைதானத்தில் 1943 ஜூலையில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் இந்திய தேசிய ராணுவத்தைப் பார்வையிட்டார். ஜான்ஸி ராணிப் படையில் சேர்ந்த பெண்களில் பலர் மலேயாத் தோட்டத் தொழிலாளரின் புதல்வியர்; தாய்நாட்டைக் கண்ணாலும் கண்டிராதவர்கள்; அதன் விடுதலைக்காகத் துப்பாக்கி ஏந்தியவர்கள். அங்கே எழுந்த நினைவுச் சின்னத்தை 1945-இல் திரும்பி வந்த பிரிட்டிஷார் வெடி வைத்துத் தகர்த்தனர். அவ்விடத்தை இன்று ஒரு நினைவுப் பலகை காட்டுகிறது. அதன் முன் நிற்கக் கட்டணமில்லை; பத்து நிமிஷம் போதும்.

இவ்வளவு தூரம் போவதற்கு முன், பக்கத்திலேயே ஆரம்பப் பாடம் இருக்கிறது. சிறுசேரியிலிருந்து ஒரு மணி நேரத்தில் மாமல்லபுரம் சென்றுவிடலாம். சரக்கேற்றிய மரக்கலங்கள் அங்கு நின்றதைத் திருமங்கையாழ்வார் பாடியிருக்கிறார். 720-இல் சீனச் சக்கரவர்த்திக்குத் தூது அனுப்பிய இரண்டாம் நரசிம்மவர்மன் கட்டியதே அங்குள்ள கடற்கரைக் கோயில். தகுவாபாவில் குளத்துக்குப் பெயர் தந்த மூன்றாம் நந்திவர்மனும் அதே பல்லவ குலத்தவன். இதைக் கண்டுவிட்டு விமானம் ஏறுகிறவனுக்குக் கீழ்த்திசை நாடுகள் அன்னியமாகத் தோன்றா.

அவசரம் முழுவதும் தம்பதிகளின் குற்றமென்று நாம் சொல்லவில்லை. கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே சமயத்தில் பத்து நாள் ரஜா கிடைப்பது குதிரைக் கொம்பு. ஆண்டுக்கொரு முறையேனும் இருவருக்கும் சேர்ந்தாற்போல் இரண்டு வாரம் விடுவதால் எந்தக் கம்பெனியும் முழுகிப் போகாது. அந்த நாள் வரும்வரை, பிரயாணிகள் தாமே செய்யக்கூடியது ஒன்றுண்டு. நான்கு தேசங்களை இரண்டாகக் குறையுங்கள். ஒவ்வோர் ஊரிலும் அரை நாளை நம்மவர் வாழ்ந்த, உழைத்த, மடிந்த இடங்களுக்கு ஒதுக்குங்கள். அங்குள்ள தமிழரோடு நாலு வார்த்தை பேசுங்கள். அவர்களுடைய பாட்டனார் எந்தக் கிராமத்திலிருந்து கப்பலேறினார் என்று கேளுங்கள். அது உங்கள் கிராமமாகவே இருக்கக்கூடும்.

கூலியாக ஓட்டப்பட்டவரின் சந்ததி இன்று விருந்தினராகச் செல்கிறது. விருந்துக்குப் போகிறவர்கள், அந்த வீட்டின் அஸ்திவாரத்தில் தம் குடும்பத்தார் சிந்திய வியர்வையை மறவாதிருக்க வேண்டும். சிறுசேரித் தம்பதிகள் இன்னும் பல தேசங்கள் செல்லட்டும். சற்று நின்று, பார்த்து வரட்டும்.