வாழ்ந்து காட்டியவர்கள் – 7: எலிக்குப் பூனை, காலுக்குச் செருப்பு

கொல்லிமலையில் கிணறுகளுக்குச் சுற்றுச்சுவர் கட்டவைத்து நரம்புச் சிலந்தி நோயோடு போராடிய ஜெஸ்ஸி பிராண்டின் கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். 1929-இல் அவர் கருநீர்க் காய்ச்சலில் இறந்தபோது, அதே மலையில் பிறந்த மகன் பால் இங்கிலாந்தில் பள்ளி மாணவன். பதினைந்து வயதுகூட நிறையவில்லை. அப்பாவைப் போல மிஷனரியாக வேண்டும் என்று புறப்பட்ட பால் முதலில் கற்றது மருத்துவம் அல்ல, கட்டட வேலை. தச்சும் கொத்தும் பழகிய பிறகுதான் லண்டனில் டாக்டர் படிப்பு. 1946-இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரிக்கு அறுவை சிகிச்சை நிபுணராக வந்து சேர்ந்தார்.

வந்த புதிதில் செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனார். அங்கே பொறுப்பில் இருந்தவர் டாக்டர் ராபர்ட் காக்ரேன். நோயாளி ஒருவரின் விரல்கள் பறவையின் நகம் போல மடங்கிக் கிடந்தன. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, முடிந்தவரை அழுத்தச் சொன்னார் பால். மெல்லத்தான் அழுத்துவார் என்று நினைத்தார். நகங்கள் உள்ளங்கையில் பதிந்து வலி உயிர்போயிற்று. தொழுநோய் வந்தால் சதை அழுகி விரல் உதிரும் என்று டாக்டர்களே நம்பிய காலம் அது. அழுகிய கைக்கு இவ்வளவு பிடி எங்கிருந்து வந்தது?

முழங்கையருகே நரம்பு கெடுவதால் உள்ளங்கையின் சிறு தசைகள் செயலிழக்கின்றன; முன்கைத் தசைகளுக்கு ஒன்றும் ஆவதில்லை. அப்படியென்றால், நன்றாக இருக்கும் தசையின் தசைநாரை எடுத்துச் செயலிழந்த விரலோடு இணைத்தால் விரல் நிமிருமே! வேலூரில் பாலும் அவருடைய சகாக்களும் அதைச் செய்து காட்டினார்கள். பல வருடமாக மடங்கியிருந்த விரல்கள் நீண்டன. சோற்றைப் பிசைந்து வாயில் வைக்க முடிந்தது.

அக்காலத்தில் நடந்த ஒரு சம்பவம் பிரசங்கங்களில் அடிக்கடி வரும். ஓர் இளைஞரின் தோளில் கைபோட்டபடி, என்ன சிகிச்சை செய்யப் போகிறோம் என்று பால் விளக்கிக்கொண்டிருந்தார். இளைஞர் விம்மி அழ ஆரம்பித்துவிட்டார். தவறாக ஏதாவது சொல்லிவிட்டேனா என்று பால் பதறினார். அப்படியில்லை, பல வருடங்களாக இவரை யாரும் தொட்டதில்லை, அதனால்தான் அழுகிறார் என்று உடனிருந்த உதவியாளர் சொன்னார். குஷ்டரோகியை இயேசு தொட்ட நிகழ்ச்சியோடு இதைச் சேர்த்துச் சொன்னால் கேட்பவர் கண் கலங்கும். கலங்கட்டும், அது உண்மையான சம்பவம். ஆனால் பால் பிராண்டின் விசுவாசத்தை அந்த ஒரு நிமிடத்தோடு நிறுத்திக்கொள்வது அவருக்குச் செய்யும் அநியாயம் என்றே நான் நினைக்கிறேன். தொட்ட பிறகு வந்த வருடங்கள்தான் கடினமானவை.

கை நிமிர்ந்து ஊருக்குப் போனவர்களில் சிலர் முறையிட்டுக்கொண்டு திரும்பி வந்தார்கள். முன்பு மடங்கிய கையை நீட்டினால் பிச்சையாவது விழும். இப்போது கையைப் பார்த்து யாரும் காசு போடுவதில்லை. முகத்தைப் பார்த்து யாரும் வேலை கொடுப்பதில்லை. என் வேலை அறுவை சிகிச்சையோடு முடிந்தது என்று அவர் சொல்லியிருந்தால் யார் குறை சொல்லியிருப்பார்கள்? பால் அப்படி விடவில்லை. கல்லூரி வளாகத்திலேயே சிறு வீடுகளும் ஒரு தச்சுப் பட்டறையும் எழுந்தன. புதுவாழ்வு மையம் என்று பெயர். இளம் வயதில் பழகிய தச்சு வேலை அங்கே கைகொடுத்தது. நோயாளிகளுக்கு மரப் பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தார்.

அந்தப் பட்டறையில்தான் இன்னொரு உண்மை பிடிபட்டது. துருப்பிடித்த பூட்டு ஒன்று பாலுக்குத் திறக்கவில்லை. பக்கத்தில் நின்ற பத்து வயதுப் பையன் சாவியை வாங்கி ஒரே திருகில் திறந்துவிட்டான். பால் குனிந்து பார்த்தால் தரையில் இரத்தம். பையனின் விரல் எலும்பு தெரிகிற அளவுக்குக் கிழிந்திருந்தது. அவனுக்கு அது தெரியவே இல்லை. விரல்களைத் தின்றது நோய் அல்ல, வலி இல்லாத வாழ்க்கை! அன்றிலிருந்து ஒவ்வொரு காயத்துக்கும் காரணம் தேட ஆரம்பித்தார்கள். சுத்தியல் பிடி, அடுப்பு, சூடான டம்ளர் என்று ஒவ்வொன்றாக அகப்பட்டது. பிடிகள் மாறின, வேலை செய்யும் முறை மாறியது.

ஒரு புதிர் மட்டும் அவிழவில்லை. இரவு படுக்கும்போது முழுதாக இருந்த விரல் காலையில் குறைந்திருந்தது. நோயாளிகளே கண்விழித்துக் காவல் இருந்து பார்த்தார்கள். எலி வந்து நிதானமாகக் கடித்துக்கொண்டிருந்தது. தூங்குகிறவருக்கு உணர்ச்சி இருந்தால்தானே கையை இழுத்துக்கொள்வார்? அதன்பின் வீடு திரும்பும் நோயாளிகள் கையோடு ஒரு பூனையையும் கொண்டுபோவது வழக்கமாயிற்று.

விடுமுறைக்குச் சென்னைக்குப் போன ஒருவரின் கதை இன்னும் வேதனையானது. முதல் இரவு எலி அவர் விரலைக் கடித்துவிட்டது. மறுநாள் இரவு தூங்கக்கூடாது என்று லாந்தர் வெளிச்சத்தில் புத்தகத்தோடு உட்கார்ந்தார். கண் அயர்ந்த நேரத்தில் இன்னொரு கை சரிந்து சுடும் லாந்தர் கண்ணாடியில் பட்டு வெந்துபோயிற்று. இரண்டு கையிலும் கட்டோடு வந்து நின்றவரைப் பார்த்து பாலும் கலங்கினார். அந்தக் கைகளை நிமிர்த்த அவர் பட்ட பாடு அவருக்குத்தானே தெரியும்!

பிறகு கால். மரத்துப்போன பாதத்தில் முள்ளும் ஆணியும் ஏறினாலும் தெரியாது. புண்ணோடு நடந்து நடந்து பாதமே தேய்ந்துபோகும். மிருதுவான ரப்பரில் செருப்பு செய்ய முனைந்தார்கள். ஆணி அடிக்கக்கூடாது. வார் உரசக்கூடாது. நடந்து முடித்த பாதத்தை உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார்கள். சூடாக இருக்கும் இடத்தில் நாளை புண் வரும், அங்கே அழுத்தம் குறையும்படி செருப்பைத் திருத்துவார்கள். கரிகிரியில் 1955-இல் தொடங்கிய தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனையிலும் இந்தப் பணி தொடர்ந்தது. சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்களுக்கு இன்று டாக்டர்கள் எழுதிக்கொடுக்கும் எம்.சி.ஆர். (மைக்ரோசெல்லுலார் ரப்பர்) செருப்பு அந்த வழியில் வந்ததுதான். பேர்பெற்ற அறுவை சிகிச்சை நிபுணர் ஒருவர் தொழுநோயாளியின் பாதத்தை மடியில் வைத்துச் செருப்பின் அளவு பார்த்தார். சீடர்களின் கால்களைக் கழுவியவரைக் கும்பிடுகிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

அவர் வாய் திறந்து விசுவாசத்தைப் பேசாதவரும் அல்ல. நோயாளிகளின் ஜெபக் கூட்டத்தில் ஒருமுறை இயேசுவின் கைகளைப் பற்றிப் பேசினார். உளி பிடித்துக் காய்த்த தச்சரின் கை, நோயாளிகளைத் தொட்ட கை, கடைசியில் ஆணி இறங்கி இவர்களுடைய விரல்களைப் போலவே மடங்கிப்போன கை. கைகளை எப்போதும் மறைத்தே பழகிய அந்த மனிதர்கள், பேச்சு முடிந்ததும் அவற்றை உயர்த்திக் கூப்பினார்கள். இதை நம்மில் யார் பேசியிருந்தாலும் அது வெறும் பேச்சு. செருப்புக்கு அளவெடுத்தவர் பேசியதால் அவர்கள் கைகள் உயர்ந்தன.

1966-இல் பால் பிராண்ட் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார், 2003-இல் மறைந்தார். பிச்சையெடுக்கும் தொழுநோயாளிகளைப் பிடித்து அடைக்க வழிசெய்த 1898-ஆம் ஆண்டுச் சட்டம் 2016-இல்தான் நீக்கப்பட்டது. நோய் இன்னும் நம்மிடையே இருக்கிறது. உங்களுக்கோ அக்கம்பக்கத்தில் யாருக்கோ வெளிறிய அல்லது சிவந்த தேமல் இருந்து, அந்த இடத்தில் உணர்ச்சி இல்லையென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகச் சொல்லுங்கள். கூட்டு மருந்து அங்கே இலவசம். ஆறு மாதமோ ஒரு வருடமோ விடாமல் சாப்பிட்டால் குணமாகும். போகத் தயங்கினால் தனியாக அனுப்பாதீர்கள், நீங்களும் கூடப் போங்கள்.

(அடுத்த வாரம்: சக்கர நாற்காலியில் அமர்ந்து அறுவை சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸ்)