கணிப்பொறி வழி இசை: மாதிரி வீதத்தை உயர்த்துதலும் அதன் எல்லையும்

ஆற்றங்கரையில் நின்று, நீர்மட்ட அளவுகோலை மணிக்கொரு முறை பார்த்துக் குறிப்பெழுதும் ஊழியர் ஒருவரை நினைத்துக்கொள்வோம். மாலையில் அவர் அக்குறிப்புகளைக் கட்டத்தாளில் புள்ளிகளாக இட்டு, அவற்றினூடே வளைகோடு ஒன்றை வரைகிறார். பின்னர் அவ்வளைகோட்டிலிருந்தே கால்மணிக்கு ஒன்றாகப் புதிய புள்ளிகளை எடுத்து எழுதுகிறார். புள்ளிகள் நான்கு மடங்காயின. ஆயினும் ஆற்றைப் பற்றிய செய்தி சிறிதும் கூடவில்லை. அவ்வாறாயின் அவருடைய உழைப்பு வீண்தானோ எனில், அன்று. அத்தாளை வாங்கி வளைகோட்டை மீண்டும் வரைய வேண்டியவர் கைத்திறன் குறைந்தவராயினும், நெருங்கிய புள்ளிகளின் துணையால் பிழையின்றி வரைந்துவிடுவார்.

கணிப்பொறியில் இசை கேட்போர் ‘அப்சாம்ப்ளிங்’ என்று குறிப்பிடும் மாதிரி வீத உயர்த்தல் என்பது இதுவே. அது செய்யக்கூடியது எது, செய்ய இயலாதது எது என்பதைப் பகுத்தறிதல் இன்று நடைமுறைத் தேவையாகிவிட்டது. பள்ளியின் இசை அறைக்கோ பயிற்சி நிலையத்தின் கூடத்துக்கோ கணிப்பொறியைக் கொண்டு இசைச்சாதனம் அமைக்கும் பொறுப்பு ஆசிரியரிடமும் கள அலுவலரிடமும் வந்து சேர்கிறது. ஒதுக்கப்படும் தொகை சிறிது. விளம்பரங்கள் தரும் வாக்குறுதியோ பெரிது. எனவே அடிப்படையை முதலில் காண்போம்.

ஒலி எண்ணாகும் விதம்

ஒலி அலையைக் குறித்த கால இடைவெளிகளில் அளந்து எண்களாக எழுதுவதே எண்வடிவ ஒலிப்பதிவின் அடிப்படை. ஒவ்வோர் அளவும் ஒரு மாதிரி எனப்படும். ஒரு வினாடியில் எடுக்கப்படும் மாதிரிகளின் எண்ணிக்கை மாதிரி வீதம் எனப்படும். இரு மாதிரிகளுக்கு இடையே நிகழ்ந்தவை இழக்கப்பட்டுவிடுமே என்ற ஐயம் எழுவது இயல்பு. தந்தித் தொடர்பைக் குறித்து ஹாரி நைக்விஸ்ட் 1928-இல் எழுதிய கட்டுரையிலும், கிளாட் ஷானன் 1949-இல் வெளியிட்ட கட்டுரையிலும் இதற்கு விடை உள்ளது. அலையில் அடங்கிய மிகவுயர்ந்த அதிர்வெண்ணைப் போல் இரு மடங்குக்கு மேற்பட்ட வீதத்தில் மாதிரி எடுத்தால், அம்மாதிரிகளைக் கொண்டே மூல அலையை முழுமையாக மீட்டுவிடலாம். இடையில் எதுவும் இழக்கப்படுவதில்லை.

மனிதச் செவி ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வுகளை உணரும். வயது ஏற ஏற மேல் எல்லை தாழ்ந்து வரும். 1982 அக்டோபரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த சிடி என்னும் குறுந்தகட்டுக்கு வினாடிக்கு 44,100 மாதிரிகள் என விதிக்கப்பட்டது. இவ்விந்தையான எண்ணுக்கும் காரணம் உண்டு. தொடக்க காலத்தில் எண்வடிவ ஒலி, வீடியோ நாடாக்களில் பதியப்பட்டது. வினாடிக்கு 60 புலங்கள், புலத்துக்கு 245 கோடுகள், கோட்டுக்கு 3 மாதிரிகள் எனப் பெருக்கினால் 44,100 கிடைக்கும். 50 புலங்கள், 294 கோடுகள், 3 மாதிரிகள் என்ற மற்றைத் தொலைக்காட்சி முறையிலும் அதே எண் வருவதைக் காணலாம். குறுந்தகட்டில் ஒவ்வொரு மாதிரியும் 16 பிட் அளவில், அதாவது 65,536 படிநிலைகளுள் ஒன்றாக எழுதப்படுகிறது.

வீதத்தை ஏன் உயர்த்துகிறோம்?

எண்களை மீண்டும் மின்னழுத்தமாக மாற்றும் கருவிக்கு அங்காடியில் ‘டாக்’ என்று பெயர். நாம் இங்கு மாற்றி என்போம். மாற்றியிலிருந்து வெளிவரும் அலையுடன், மூல அலையின் நிழல்கள் போன்ற வேண்டாத அதிர்வுகளும் சேர்ந்தே வருகின்றன. 44,100 வீதத்தில் 20,000 ஹெர்ட்ஸ் ஒலியின் நிழல் 24,100 ஹெர்ட்ஸில் தோன்றும். மூலத்தைக் குறைக்காமல் நிழலை மட்டும் நீக்க வேண்டுமாயின், வடிகட்டி அச்சிறிய இடைவெளிக்குள் செங்குத்துச் சுவர் போல் இறங்க வேண்டும். மின்தடைகளையும் மின்தேக்கிகளையும் கொண்டு அத்தகைய வடிகட்டியை அமைப்பது கடினம், செலவும் மிகுதி.

வீதத்தை முன்னரே கணக்கீட்டினால் நான்கு மடங்காக, அதாவது 176,400 ஆக உயர்த்திவிட்டால் நிலைமை மாறுகிறது. அண்மை நிழல்களைக் கணக்கீடே நீக்கிவிடும். எஞ்சும் நிழல்கள் 156,400 ஹெர்ட்ஸுக்கு மேல் விலகி நிற்கும். அவற்றை நீக்க எளிய வடிகட்டி போதும். பிலிப்ஸ் நிறுவனத்தின் முதல் குறுந்தகட்டுக் கருவிகளிலேயே இந்த நான்கு மடங்கு முறை கையாளப்பட்டது. இன்று விற்பனையிலுள்ள மாற்றிகளுள் பெரும்பாலானவை தம்முள்ளேயே இப்பணியைச் செய்துகொள்கின்றன.

ஆகவே கணிப்பொறியில் வீதத்தை உயர்த்துவது புதிய பணியன்று. மாற்றியின் சிறு சில்லு செய்யும் பணியைக் கணிப்பொறியிடம் ஒப்படைப்பதே ஆகும். கணிப்பொறியின் கணக்கிடும் ஆற்றல் மிகுதியாதலால் இன்னும் நுட்பமான வடிகட்டியை அது இயக்க முடியும். கிடைக்கும் நன்மை அவ்வளவே. பதிவில் இல்லாத வீணையொலி எங்கிருந்தும் வந்து சேராது.

அமைக்கும் முறை

முதலாவது, மூலக் கோப்பைக் கவனித்தல் வேண்டும். குறுந்தகட்டின் ஒலி வினாடிக்கு 1,411 கிலோபிட் அளவுடையது. எம்பி3 முறையில் 128 கிலோபிட்டாகச் சுருக்கும்போது ஏறத்தாழ பதினொன்றில் ஒரு பங்கே எஞ்சுகிறது, நீக்கப்பட்டது நீக்கப்பட்டதே. எத்தகைய வீத உயர்த்தலும் அதனை மீட்டுத் தராது. 2001-இல் வெளிவந்த ஃபிளாக் முறையோ ஒரு பிட்டையும் இழக்காமல் கோப்பைச் சுருக்குகிறது. இணையத்தின் வழி இசை பெறும் ஸ்ட்ரீமிங் சேவைகளிலும், இழப்பற்ற தரம் கிடைக்குமாயின் அதனையே தேர்ந்தெடுத்தல் நன்று. குறுந்தகட்டுத் தரத்தில் ஒரு மணி நேர இசை சுருக்கப்படாத நிலையில் சுமார் 635 மெகாபைட் ஆகும் என்பதை இணையக் கட்டணம் செலுத்துவோர் நினைவிற்கொள்க.

இரண்டாவது, இயங்குதளத்தின் குறுக்கீட்டைத் தவிர்த்தல் வேண்டும். பல நிரல்களின் ஒலிகளை ஒன்றாகக் கலப்பதற்காக, இயங்குதளம் எல்லாவற்றையும் ஒரே வீதத்துக்கு மாற்றிவிடுவது வழக்கம். அவ்வாறாயின் 44,100 வீதப் பாடல் நாம் அறியாமலேயே 48,000 ஆக மாறி, பின்னர் நம் மென்பொருளின் அமைப்பும் பயனற்றுப் போகும். விண்டோஸில் ‘தனியுரிமை’ முறையையும், லினக்ஸில் ஆல்சா வழியே வன்பொருளுடன் நேரடித் தொடர்பையும் தேர்ந்தெடுத்தால் இக்குறை நீங்கும். வீத மாற்றம் ஓரிடத்தில் ஒரே முறை நிகழ வேண்டும் என்பதே விதி.

மூன்றாவது, மென்பொருள். 2003-இல் தொடங்கப்பட்ட மியூசிக் பிளேயர் டீமன் என்னும் இலவச மென்பொருள் பழைய கணிப்பொறியிலும், ராஸ்பெர்ரி பை போன்ற கையளவுக் கணிப்பொறியிலும் இயங்கும். அதில் சாக்ஸ் என்னும் வீத மாற்று நிரற்பகுதியை இணைத்து, மிகவுயர் தரம் என்ற நிலையில் வைக்கலாம். 44,100 வீதப் பாடல்களை 88,200 அல்லது 176,400 ஆகவும், 48,000 வீதத்தனவற்றை 96,000 அல்லது 192,000 ஆகவும் உயர்த்துவது முறை. முழு மடங்காக இல்லாத மாற்றமும் நல்ல நிரலில் குற்றமன்று. மலிவான நிரல்களில்தான் அது சிதைவை விளைவிக்கும்.

நான்காவது, ஒலியளவில் சிறிது இடம் விடுதல் வேண்டும். நம் ஆற்றங்கரை ஊழியரின் வளைகோடு, குறிக்கப்பட்ட மிகவுயர்ந்த புள்ளிக்கும் மேலாக இடையில் எழும்பக்கூடும் அல்லவா? ஒலியிலும் அவ்வாறே. 11,025 ஹெர்ட்ஸ் அதிர்வு ஒன்றின் மாதிரிகள் யாவும் உச்சத்துக்கு இருபுறமும் சமதூரத்தில் விழுமாயின், உண்மை உச்சம் மாதிரிகளைவிட 3 டெசிபெல் உயர்ந்திருக்கும். வீதத்தை உயர்த்தும்போது அவ்வுச்சம் வெளிப்படும். அதற்கு இடமில்லையெனில் அலையின் தலை வெட்டுண்டு கரகரப்பு எழும். ஆதலின் உயர்த்துவதற்கு முன்பே ஒலியளவை 3 அல்லது 4 டெசிபெல் குறைத்து, வெளியீட்டை 24 பிட்டாக அமைக்க. இக்குறிப்பைப் பலர் கவனிப்பதில்லை. வீத உயர்த்தலால் ஒலி கெட்டது என்ற புகார்களுள் சிலவற்றுக்கு இதுவே காரணமாகிறது.

ஐந்தாவது, வலைத்தொடர்பு. 192,000 வீதத்தில் 24 பிட் இரட்டை ஒலி வினாடிக்கு 9.2 மெகாபிட் ஆகிறது. ஆகவே கோப்பை அதன் இயல்பு வீதத்திலேயே வலைத்தொடர்பில் அனுப்பி, மாற்றிக்கு அருகிலுள்ள கணிப்பொறியில் உயர்த்துவது சிக்கனம். இயலுமிடத்தில் கம்பித் தொடர்பையே பயன்படுத்துக. நுட்பமான வடிகட்டியால் சிறு காலதாமதம் ஏற்படும். இசை கேட்பதற்கு அது தடையன்று. ஆனால் ஒலிவாங்கியில் பேசும் பாடத்துக்கும் நேரடிப் பாட்டுக்கும் இவ்வமைப்பு பொருந்தாது.

இறுதியாகச் சரிபார்த்தல். பல மாற்றிகளில் அப்போதைய வீதத்தைக் காட்டும் விளக்கோ எண்பலகையோ உண்டு. லினக்ஸில் ஒலிச்சாதனத்தின் நிலைக்குறிப்பைத் திறந்து பார்த்தாலும் அது தெரியும். எப்பாடலை இயக்கினும் 48,000 என்றே காட்டுமாயின், இடையில் வேறொரு மாற்றம் நிகழ்கிறது என்று கொள்க.

செவி சொல்லும் தீர்ப்பு

உயர் வீத ஒலியைச் செவி பிரித்தறியுமா என்பது ஆராயப்பட்ட கேள்வியே. உயர்தரப் பதிவை நேராகவும், இடையில் குறுந்தகட்டுத் தரத்துக்குக் குறைத்தும் ஒலிக்கச் செய்து, மேயர், மோரன் என்னும் இருவர் நடத்திய சோதனை 2007-இல் வெளிவந்தது. 554 முயற்சிகளில் சரியான விடைகள் 276. அதாவது நாணயம் சுண்டினாற்போன்ற பாதி. பின்னர் 2016-இல் ஜோஷுவா ரைஸ் 18 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்து, சிறிய அளவிலான பிரித்தறியும் திறன் உண்டு என்றும், பயிற்சி பெற்றோரிடம் அது கூடுகிறது என்றும் கண்டார். இரு சோதனைகளையும் சேர்த்து நோக்கினால், வேறுபாடு இருப்பினும் அது மிகச் சிறிதே என்பது விளங்கும். இவை உயர் வீதத்திலேயே பதிவான ஒலியைப் பற்றியன. கணக்கீட்டால் உயர்த்தப்பட்ட ஒலியில் புதுச் செய்தி இல்லையாதலால், அங்கு எதிர்பார்ப்பு இன்னும் அடக்கமாக இருத்தல் தகும்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே சோதிக்கலாம். ஒரே பாடலை உயர்த்தியும் உயர்த்தாமலும் இயக்கச் செய்து, எது எது என்பதை ஒரு மாணவர் நாணயம் சுண்டி முடிவு செய்யட்டும். கேட்போர் விடையைத் தாளில் எழுதட்டும். 16 முறைகளில் 12-க்கு மேல் அல்லது சரியாக 12 விடைகள் பொருந்துவது ஊகத்தால் மட்டும் நிகழ நூற்றில் ஏறத்தாழ நான்கே வாய்ப்பு. ஒரு நிபந்தனை இன்றியமையாதது: இரண்டின் ஒலியளவும் சமமாக இருத்தல் வேண்டும். நாம் முன்பு குறைத்த 3 டெசிபெல்லை மற்றொன்றிலும் குறைக்காவிடில், உரத்து ஒலிப்பதே சிறந்தது என்று செவி ஏமாந்துவிடும். ஒலியியலோடு, சான்றை எடைபோடும் பழக்கத்தையும் மாணவர் இச்சோதனையால் கற்பர்.

தொகையை எங்கே செலவிடுவது?

மேற்கூறிய மென்பொருள்கள் இலவசம். பழைய கணிப்பொறியே போதும். ஆகவே வீத உயர்த்தலைச் செய்து பார்ப்பதில் தவறில்லை. அதற்கெனத் தனிக் கருவி வாங்குவதற்கு முன்புதான் சிந்தித்தல் வேண்டும். மின்விசிறியின் இரைச்சலும் வெறுஞ்சுவர்களின் எதிரொலியும் நிறைந்த அறையில், ஒலிபெருக்கிக்கு எட்டடி தொலைவிலுள்ள மாணவருக்கும் பதினாறடி தொலைவிலுள்ளவருக்கும் நேராக வந்து சேரும் ஒலி 6 டெசிபெல் வேறுபடும். எந்த வீதமும் இவ்வேறுபாட்டை நிரப்பாது.

எனவே கிடைக்கும் தொகையில் பெரும்பங்கை நல்ல ஒலிபெருக்கிகளுக்கு ஒதுக்குக. அவற்றைச் செவிமட்டத்தில், சுவரை ஒட்டாமல் வைக்க. சுவர்களில் தடித்த துணித்திரைகளைத் தொங்கவிடுக. அடுத்து இழப்பற்ற பதிவுகளைச் சேர்க்க. ஒரு வீத மாற்றத்துக்கு மேல் நிகழாதவாறு கணிப்பொறியைச் சீர்செய்க. இவை யாவும் முடிந்தபின் கடைசி வரிசையில் ஒரு முறை அமர்ந்து கேட்டுப் பார்த்தல் நன்று. அங்கே தம்புராவின் சுருதி தெளிவாகக் கேட்குமாயின், செலவிட்ட தொகை பயன் தந்தது எனலாம்.